ஈரைதாவின் கைப்பக்குவம்

என் மனைவி ஈரைதா சமைக்கும்போது ருசி பார்ப்பதே இல்லை, டாக்டர். சட்டியின் மேல் குனிந்து ஒருமுறை மோந்து பார்ப்பாள், அவ்வளவுதான். பன்றிக்கறியும் துவரையும் போட்ட சாதமோ, தேங்காய்ப்பாலில் வேகும் இனிப்புச் சாதமோ, கிறிஸ்துமஸுக்கு வாழையிலையில் கட்டி அவிக்கும் பஸ்தேலோ, எதுவானாலும் அப்படித்தான். எங்கள் மலைப்பக்கத்தில் அதை அதிசயமாகப் பேசுவார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவள் தலையைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு நோய் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அவள் தங்கை நில்சா கீழே கடலோர நகரமான போன்ஸேயில் இருக்கிறாள். புருஷன் இறந்துபோன பிறகு, கடற்கரைப் பக்கம் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை போட ஓர் இடம் பார்த்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து என் முன்னாலேயே பேசினாள்.

"அக்கா, சமையல் உன்னோடது, கல்லா என்னோடது. அத்தான் அப்பப்ப வாழைத்தாரோட வந்துட்டுப் போகட்டும்."

"இந்த மனுஷனை யாருடி பாத்துக்குவா?"

"சமையல்கட்டு எந்தப் பக்கம்னு கையைப் பிடிச்சுக் காட்டிட்டு வா. பொழைச்சுக்குவாரு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை ஈரைதா துவரை உரித்துக்கொண்டே பாடினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ சில்லிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை இடத்துக்காரரை நில்சா சாப்பிட அழைத்து வந்தாள். ஈரைதா கொத்தமல்லி பறிக்கக் கொல்லைக்குப் போயிருந்தாள். நான் அடுப்பருகில் நின்றேன். ஒரு கைப்பிடி உப்பை அள்ளிச் சட்டியில் போட்டுக் கிளறினேன். யோசித்துச் செய்யவில்லை.

இடத்துக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடினார். கூடச் சாப்பிட உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு மொன்செராத்தே கிழவர்தான் பேச்சை எடுத்தார்.

"ஈரைதா, கடலோரம் போகணும்னு ஆசை இருக்க வேண்டியதுதான். அதுக்காகக் கடலையே சட்டியில ஊத்தணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஈரைதா ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தாள். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதன்பின் அவள் ருசி பார்த்துச் சமைக்க ஆரம்பித்தாள். அவள் ருசி பார்த்து முடிக்கும்வரை நான் காத்திருக்க ஆரம்பித்தேன். அவள் அணைத்த அடுப்பை மறுபடி பற்ற வைத்தேன். எண்ணெய் இருக்கும் இடத்தில் வினிகரை வைத்தேன். "போன வாரமும் இப்படித்தான் ஆச்சு, உனக்கு ஞாபகம் இல்லையா?" என்று தலையைத் தடவிக் கேட்டேன். அதற்கு முன் நான் அவளிடம் பொய் சொன்னதே கிடையாது. அதனால் நம்பினாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. தெருவே எங்கள் வீட்டுக்கு வந்துதான் பஸ்தேல் சாப்பிடும். வாழைக்காய் துருவி அரைத்த மாவை ஒரு பெரிய தொட்டி நிறையப் பிசைந்து வைத்திருந்தாள். விரலால் தொட்டு நக்கினாள், மறுபடி நக்கினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கமாலியேல், நீ பாத்துச் சொல்லு. என் நாக்கை எனக்கே நம்ப முடியல."

நான் ருசி பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. என் ஆயுசில் அப்படி ஒரு மாவை நான் நாக்கில் வைத்ததில்லை.

"உப்பு பத்தலடி," என்றேன்.

போட்டாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

அதையும் போட்டாள். அன்றைக்கு என் கை உப்புப் பக்கமே போகவில்லை, டாக்டர். அவள் கையாலேயே கெடுத்தாள். ஊரார் ஒரு வாயோடு நிறுத்தி, மிச்சத்தை இலையிலேயே மூடி வைத்துவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை மொன்செராத்தே கூடக் கேலி பேசவில்லை. நில்சா அக்காவைக் கட்டிக்கொண்டு, "கடை எங்க ஓடிடப்போகுது, அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள்.

ஈரைதா அதன்பிறகு சமையல்கட்டுக்குள் போகவில்லை. ஒரு காலை, துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு. அடுப்பை அணைச்சேனா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. நீ தூங்குறப்ப வீடு பத்திக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

எனக்காக அழுதாள். உண்மை தொண்டைவரை வந்தது. நான் பையை வாங்கிக்கொண்டு காரைக் கிளப்பினேன். அப்படித்தான் உங்களிடம் வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு நோய் இல்லை. நோய் என்று அவளை நம்பவைத்தது நான்தான். உப்பு, அடுப்பு, பொய் எல்லாம் என் வேலை. அந்தப் பாவம் என்னை விடவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்வரை கொண்டுபோகிறேன், இறங்க மாட்டேன் என்கிறது. தினமும் வந்து அவள் தலையை வாரிவிடுகிறேன். "நீ இல்லாட்டி நான் என்ன ஆவேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில் மட்டும்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது.

அக்காவைக் கூட்டிப்போக நில்சா வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் சொல்லுங்கள். போலீஸிடமும் சொல்லுங்கள். நான் எதையும் மறுக்கப்போவதில்லை. ஈரைதாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். அவள் தாங்க மாட்டாள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?