முதலில் யாருக்குச் சொல்வது

இந்த விசாரணை அறையில் சுழலும் நாற்காலி போட்டிருக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் அம்மா. உட்கார்ந்தவன் சத்தியத்தையே பேசினாலும் நாற்காலி இடமும் வலமும் ஆடும். பார்க்கிறவருக்குத் திருடனாகத் தெரிவான். நாலு கால், கைப்பிடி இல்லாதது, அதுதான் சரி. முப்பத்தொரு வருடம் இதைச் சொல்லித்தான் நான் சாப்பிட்டேன்.

வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டதற்குக் காரணம் உண்டு. பேச்சில் நான் கெட்டிக்காரன். பேசவிட்டால் உங்களையும் நம்பவைத்துவிடுவேன், என்னையும் நம்பவைத்துவிடுவேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். வழக்கு ஏட்டுக்காக எழுதிவைக்கிறேன். பேருந்து கவிழ்ந்தாலோ மருந்தில் கலப்படம் என்று செய்தி வந்தாலோ, அந்த நிறுவனத்தார் முதலில் வக்கீலைக் கூப்பிடுவார்கள், அடுத்து என்னை. கேமரா முன்னால் எப்படி நிற்பது, எதைச் சொல்வது, எங்கே வாயை மூடுவது என்று பழக்கிவிடுவேன். ஒரு முதலாளிக்குத் துக்கம் வந்தால் சிரிப்பு வரும், பிறவிக் கோளாறு. அவர் இரங்கல் அறிக்கை வாசிக்க வேண்டிய நாளில் ஒரு அளவு சின்னதாக ஷூ வாங்கி மாட்டிவிட்டேன். மனிதர் எப்படிக் கலங்கிப்போனார் பாருங்கள் என்று மறுநாள் எல்லாப் பத்திரிகையும் எழுதின. அந்த ஷூவை இன்னும் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். கேட்டால் காட்டுவார்.

என் வகுப்பின் முதல் விதி ஒன்றுதான். கெட்ட செய்தி வந்ததும், முதலில் யாருக்குச் சொல்வது என்று தீர்மானி. மற்றதெல்லாம் அப்புறம்.

குளோரின் வாயுவை உருளைகளில் அடைக்கும் அந்த ஆலைக்குப் பயிற்சி கொடுக்கப் போனது இப்படித்தான். அதன் மேலாளருக்கு நாற்பது வயதிருக்கும். நான் இருமினால்கூட நோட்டில் குறித்துக்கொள்வான். நல்ல பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே பெயராகிவிட்டது. ஒரு ஒத்திகை வைத்தேன். தொட்டியில் கசிவு, என்ன செய்கிறாய் என்று கேட்டதுதான் தாமதம், அபாயச் சங்கின் பொத்தானை அழுத்திவிட்டான்.

"யாரக் கேட்டு சங்கு ஊதின?" என்றேன்.

"கசிஞ்சா உடனே ஊதணும்னு சட்டமே இருக்குங்க ஐயா."

"சரி, ஊதியாச்சு. மூணாவது நிமிஷம் ஊரே உன் வாசல்ல. எட்டாவது நிமிஷம் கேமரா. என்ன சொல்லப் போற?"

"தெரியலைங்க."

"உள்ள சரக்கே இல்லாம கடையத் திறந்தா எப்படிப்பா?"

கூட இருந்த அதிகாரிகளெல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், காது மட்டும் சிவந்திருந்தது. பத்துக்கு நாலு போட்டேன். அவன் நோட்டில் எழுதிக்கொண்டதைத்தான் நீங்கள் சாட்சியப் பொருளாக வைத்திருக்கிறீர்கள்: 'சங்கு ஊதுவதும் அறிக்கை விடுவதுதான். முதலில் ஐயாவுக்கு போன்.' இரண்டு முறை அடிக்கோடு.

ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று மூன்றுக்கு போன் வந்தது.

"ஐயா, மூணாம் நம்பர் தொட்டியில வால்வு போயிடுச்சு. மஞ்சளா வெளிய வருது. சங்கு ஊதட்டுங்களா?"

ஊதட்டுங்களா என்று கேட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சொல்லிக்கொடுத்தது மனதில் தங்கியிருக்கிறதே.

"இரு. காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

"கீழ, பள்ளிக்கூடத்துப் பக்கமா."

"ஊதாத. பத்து நிமிஷம் குடு. முதல் அறிக்கைய எழுதிக் குடுத்துடறேன்."

பத்து நிமிடம் போதவில்லை. கசிவு என்று எழுதினால் பயப்படுவார்கள். வாடை என்று எழுதினால் பிற்பாடு கேலி செய்வார்கள். நல்ல பிள்ளை மறுபடி கூப்பிட்டான்.

"ஐயா, வாசல்ல ஆளுங்க இருமறாங்க."

"இருமலெல்லாம் அறிக்கையில வேணாம்."

மூன்றாவது தடவை அவன் பேசவில்லை, இரைப்பு மட்டும் கேட்டது. அப்போதும் பொத்தானைத் தொடவில்லை. பதினொன்று நாற்பத்து நாலுக்கு அறிக்கையை அனுப்பி, இப்போது ஊதலாம் என்றேன். ஊதினான். அந்த அறிக்கையில் ஒரு எழுத்தைக்கூட இன்றுவரை எவரும் குறை சொல்லவில்லை. இறந்தது ஐம்பத்து மூன்று பேர். பள்ளியில் மட்டும் பத்தொன்பது.

அன்று சாயங்காலம் அவனை கேமரா முன் நிறுத்தியதும் நான்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவன், நன்றாகவே செய்தான். அதற்கப்புறம் நீங்கள் கைது செய்தீர்கள். இன்றுவரை என் பெயரை அவன் சொல்லவில்லை. அடுத்தவர் பெயரை இழுத்தால் கோழை என்று நினைப்பார்கள் என்று இரண்டாம் நாள் வகுப்பில் சொல்லியிருந்தேன்.

அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள்.

"கோர்ட்டுல அவரு வாயே திறக்க மாட்டேங்கறாருங்க. ஊத வேணாம்னது நாந்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

தண்ணீர் கொடுத்தேன். யோசிக்கிறேன் என்றேன். யோசித்து முடிக்க நாலு மாதம் ஆகிவிட்டது. நாளைக்கு அவனுக்குத் தீர்ப்பு. வாழ்நாள் முழுக்க உள்ளே என்று பேசிக்கொள்கிறார்கள். ஊதாதே என்று சொன்னது நான். அதைச் சொல்லத்தான் மனசாட்சி உறுத்தி நானாக வந்தேன். நேற்று நீங்கள் ஆளனுப்பியது தற்செயல்.

நீங்களும் ஒரு காலத்தில் என் வகுப்பில் இரண்டு நாள் உட்கார்ந்தவர்தான். சற்று முன் என் அன்றைய போன் அழைப்புப் பட்டியலை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருந்தீர்கள். எதிராளி தாங்காத மௌனம் ஏழு விநாடி என்று நான் சொல்லிக்கொடுத்தது. நான் ஒன்பது தாங்கினேன்.

பதினொன்று ஆறு. என் மகளின் எண். முப்பத்தெட்டு விநாடி.

ஊதாதே என்றதற்கு இதுவரை எனக்கு நானே சொல்லிவந்த காரணம் இதுதான்: வெறும் வாடை என்று நினைத்தேன், திடீரென்று சங்கு ஊதினால் ஜனங்கள் மிரண்டு ஓடி, நெரிசலில் மிதிபட்டுச் சாவார்கள். மகள் வீடு ஆலைக்குக் கீழ்த் தெருவில். பேத்தி அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. மகளிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யார்கிட்டயும் பேசிட்டு நிக்காத. பாப்பாவத் தூக்கிட்டு மேட்டுத் தெருவுக்குப் போ. மூக்குல ஈரத்துணி கட்டு. தாழ்வான பக்கம் போகாத."

"என்னப்பா ஆச்சு?"

"காத்துல விஷம்."

"மத்தப் புள்ளைங்க?"

"அவங்களுக்கு அறிக்கை வருது."

மகளிடம் சொன்னதைத் தயாரிக்க எனக்கு நேரமே ஆகவில்லை, அம்மா. திருத்தமும் இல்லை.

பள்ளிக்குப் போய் பேத்தியைத் தூக்கிக்கொண்டு, வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையையும் கையோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அந்தக் குழந்தையைப் பற்றி நான் சொல்லவில்லை, அது அவளாகச் செய்தது. இரண்டும் பிழைத்தன. அதற்குப் பிறகு மகள் என்னோடு பேசுவதில்லை.

பட்டியலை மடித்து வைக்கும்போது நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "விஷயத்தச் சொன்னதும் உங்க பொண்ணு மிரண்டு ஓடினாங்களா, ஐயா?" அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன். ஓடவில்லை. கத்தவில்லை, யாரையும் தள்ளவில்லை. இரண்டு குழந்தைகளோடு ஒன்பது நிமிடத்தில் மேட்டுத் தெருவில் நின்றாள்.

அவள் என் மகள். மற்றவர்கள் மிரண்டிருப்பார்கள்.