செம்மண்டலத்து டயர்

— ...நிறுத்தாத. முழுசாப் படிண்ணா. எனக்குத்தான் எழுத்துக் கூட்டத் தெரியாது.

— படிக்கிறன். 'கெட்டுப்போன டயரை விற்று என் கணவர் கோவிந்தசாமியின் சாவுக்குக் காரணமான கம்பெனியை மூட வேண்டும்...' யாரு எழுதுனது, லோகா?

— எதுத்த வூட்டு வக்கீல் குமாஸ்தா. நீயே கலெக்டராபீசுல குடுத்துடு. கடலூர்லதான இருக்க.

— இது நான் வேல பாக்குற கம்பெனிம்மா. ஒம்பது வருசமாச்சி. அம்பத்தெட்டுல செம்மண்டலத்துல ஓலக் கொட்டாயி. ஆறே பேரு. மொதலாளியே ரப்பர் பெசஞ்சாரு. மொதல்ல சைக்கிள் டயரு, அப்பறம் மாட்டு வண்டிக்கு. போன வருசந்தான் லாரிக்கு...

— தெரியும். ஒஞ்சட்ட கந்தக நாத்தத்துக்கு பஸ்ஸுல பக்கத்துல எவனும் குந்த மாட்டான்.

— கந்தகம் போட்டுத்தாம்மா ரப்பர வேக வைக்கிறம்.

— மொத லாரி டயருக்கு மால போட்டு சூடம் கொளுத்துனீங்களாம். அவுரு சிரிச்சாரு. 'ஒங்கண்ணன் அண்ணிக்குக்கூட மால வாங்கியிருக்க மாட்டாரு'ன்னு.

— மச்சான் அப்டித்தான்...

— குமராட்சிலேர்ந்து நெல்லு ஏத்திக்கிட்டு வந்த மனுசன். டயரு வெடிச்சி லாரி வாய்க்கால்ல கவுந்து... சிதம்பரம் ஆசுபத்திரி வரைக்கும் உசுரு தாங்கல. பதினாறு நாளாச்சி.

— லோகா, அங்க நூத்திருவது பேரு பொழைக்கிறாங்க. மூடிட்டா...

— அவுங்களுக்குப் பரிஞ்சி பேசவா வந்த? எனக்கு யாருண்ணா பேசுவா?

— அதில்ல...

— டயரு கெடைக்காம ஒரு மாசம் நம்ம லாரி நின்னுச்சி. நீ கம்பெனிய நம்பித்தான அந்த டயர கொண்டாந்து குடுத்த? ஒம்மேல என்ன தப்பு? அழுவாத.

— கம்பெனி கெட்ட டயர விக்காதும்மா. கழிச்சிப் போட்டதுன்னா ஓரத்துக் கம்பிய ரம்பத்தால அறுத்துடணும். யாரும் மாட்ட முடியாதபடிக்கு. அந்த வேலைக்கு என்னத்தான் போட்டிருக்காங்க.

— அப்ப இது...

— இதுவும் கழிச்சதுதான். டயரோட பக்கவாட்டுல ஒரு வீக்கம். சின்னதுதான். நாந்தான் அறுக்காம ஒளிச்சி எடுத்தாந்தன். வேற கெடைக்கிற வரைக்கும் ரெண்டு நட ஓடுமேன்னு... கம்பெனி பேர அடிச்சிட்டு எம்பேர எழுதச் சொல்லு. வேல போவட்டும், ஜெயிலுக்கே போறன். மச்சானுக்கு அது தெரியாது. நான் சொல்லல. பாவி, சொல்லாம குடுத்துட்டன்... திட்டும்மா. ரெண்டு அற அறை.

— அவுருக்குத் தெரியும்ணா. என் கையப் புடிச்சி அந்த வீக்கத்த தடவிக் காட்டுனாரு. வேணாம், திருப்பிக் குடுத்துடலாம்னு சொன்னாரு. எம்பொறந்தவன் குடுத்தா ஒங்களுக்கு எளக்காரமான்னு ரெண்டு நாளு சோறு போடாம சண்ட போட்டு... நாந்தாண்ணா மாட்ட வச்சேன்.