வெங்காய வண்டிக் குரல்

— சத்தத்தக் கொறச்சுட்டேன் அப்பு, இன்னும் என்ன? கைக்கொழந்த தூங்குதா, பரிச்சைக்குப் படிக்கிறாங்களா? எதுனாலும் சொல்லு, அடுத்த தெருவுக்குப் போயிர்றேன்.

— ஐயோ அண்ணே, கொறைக்காதீங்க, கூட்டி வைங்க! நாகல் நகர்ல இருந்து பேகம்பூர் வரைக்கும் உங்க லோடு ஆட்டோ பின்னாடியே பைக்ல வாரேன். கூப்புடக் கூப்புட நிறுத்தாமப் போறீங்களே.

— திட்டுறதுக்குத்தான் தொரத்துறனு நெனச்சேன். வெங்காயம் எத்தன கிலோ?

— வெங்காயம் வேணாம்ணே.

— அப்ப வழிய விடு. ஏத்தா மதி, நீ பாட்டுக்கு அழுகலப் பொறுக்கு. இங்கிட்டு என்ன வேடிக்க?

— அண்ணே, செத்த நேரம். என் பேரு ஆல்வின், ட்ரம்ஸ் வாசிக்கிறவன். இந்த ஸ்பீக்கர்ல ஒரு கொரல் ஓடுதே, 'சித்தையன்கோட்டை தங்கமுத்து தோட்டத்துச் சின்ன வெங்காயம்'னு, அது யாருண்ணே?

— நாந்தான் தங்கமுத்து.

— உங்க கொரலா?

— வெங்காயம் என்னுது. கொரலு கடையில வாங்குனது.

— கடையில கொரல் விக்கிறாங்களா?

— மெமரி கார்டுலயே ஏத்திக் குடுப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன் அப்பு.

— கடையில வாங்குனதுல உங்க பேரும் ஊரும் எப்புடிண்ணே வந்துச்சு?

— அது வந்து... சரி, கடை இல்ல. எங்க சித்தப்பா மகன். ஒட்டன்சத்திரத்துப் பக்கம்.

— அவரு எனக்கு வேணும்ணே. சத்தியமா வேணும். ஞாயித்துக்கெழம ஒரு காலேஜ் மைதானத்துல எங்க பேண்டுக்குப் போட்டி. பாடுற ரோஷன், வேல கெடச்சு ஓசூருக்குப் போயிட்டான். நானும் கிடார் பிராங்க்ளினும் கையில கருவிய வச்சுக்கிட்டு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கோம்.

— பேண்டுன்னா, கல்யாணத்துக்குச் செவப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு ஊதுவாங்களே, அதுவா?

— ராக் பேண்டுண்ணே. பேரு 'மாங்காப் பூட்டு'.

— பேரே வெளங்கலையே. என்ன பாடுவீங்க?

— பாடுறதவிடக் கத்துவோம். நெஞ்சுக்குள்ள அடச்சுக் கெடக்குறது அம்புட்டும் வெளிய வந்து விழுகுற மாதிரி கத்தணும்.

— இதுக்கா ஆளு தேடி அலையிற? காலைல எங்க தெருக் குழாயடிக்கு வா, மூணு பேண்டுக்கு ஆளு தேறும்.

— அந்தக் கத்து இல்லண்ணே. இந்தாங்க, நானே சத்தத்தக் கூட்டுறேன், கேளுங்க. 'வாங்கம்மா வாங்க, அள்ளிக்கிட்டுப் போங்க'... இப்ப வரும் பாருங்க... இப்ப! கேட்டீங்களா? எட்டு செகண்ட்ணே! கைக்கடியாரத்தப் பாத்து எண்ணியிருக்கேன். மூச்சு விடாம எட்டு செகண்ட் கத்தல். அது முடியிற எடத்துல கச்சிதமா 'டொம்'முனு ஒரு அடி. என்னா தாளம்ணே! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அவரு யாருகிட்டண்ணே படிச்சாரு?

— யாருகிட்டயும் இல்ல. அவரு பெரிய மீசக்காரரு. வயசு அம்பது. நூறு கிலோ இருப்பாரு.

— நெனச்சேன். அந்தக் கரகரப்பு நூறு கிலோ ஆளுக்குத்தான் வரும்.

— அந்தக் கரகரப்புதான் அப்பு அந்த ஆளுக்கு எமன். பள்ளிக்கூடத்துல காலைல எல்லாரும் நின்னு பாடுவாங்கல்ல? டீச்சர் வந்து, 'நீ வாய மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது'னு சொல்லிருச்சு. கூடப் படிச்சதுக 'டிராக்டரு'னு பேரு வச்சிருச்சுக. எந்திரிச்சுப் பாடம் வாசிச்சா, பின்பெஞ்சுல இருந்து 'டுர்ர்ர்'ருங்குமாம். பத்தாப்புல பாதியிலயே பையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துருச்சு. நான் எம்புட்டோ சொன்னேன், திரும்பிப் போகல.

— நீங்க சொன்னீங்களா? அவரு உங்களவிட மூத்தவராச்சே?

— நான் சின்ன வயசுலயே நல்லாப் புத்தி சொல்லுவேன்.

— ஓ. அப்புறம்?

— அப்புறம் என்ன, பேச்சே நின்னு போச்சு. என்கிட்ட நாளைக்கு நாலு வார்த்த. வெளியாளுகிட்ட அதுவும் இல்ல. ஆனா அந்தத் தொண்டையோட பவரு இருக்கே! அய்யலூர் சந்தைக்கு ஆடு வாங்கப் போனப்ப ஒருக்கா கூட்டிட்டுப் போனேன். வாங்குன ஆடு கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. 'ஏய்'னு ஒத்தச் சத்தம்தான் குடுத்துச்சு. எங்க ஆடு மட்டுமா? சந்தையில அம்புட்டு ஆடும் நின்னுருச்சு. ஏவாரிக மொத்தமாத் திரும்பிப் பாக்கவும், வெக்கப்பட்டு என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு.

— நூறு கிலோ ஆளு, உங்க முதுகுக்குப் பின்னாடியா?

— அப்பக் கொஞ்சம் மெலிவு.

— சரிண்ணே. வீட்டுலயாவது பாடுவாரா?

— எங்க? ஆனா நல்ல வேலக்காரப் புள்ள... ஆளு. விடிஞ்சா மோட்டார் போடப் போகும். போனா ஒரு மணி நேரம் மோட்டார் ரூமுக்குள்ளயே கெடக்கும். தண்ணி எங்க பாத்திய ரொப்பி, பக்கத்துத் தோட்டத்துக் கத்திரிக்குப் போயிரும். அவன் தெனமும் சண்டைக்கு வாரான். அந்த மோட்டார் எரச்சல் அதுக்கு அம்புட்டுப் பிடிக்கும் போல, கதவச் சாத்திக்கிட்டுக் கேக்கும்.

— மீசக்காரரு.

— மீசக்காரரேதான். நான் பொய் சொல்ல மாட்டேன். மூணாப்புப் படிக்கையில எப்புடி இருந்துச்சு தெரியுமா? ரெட்ட ஜட போட்டு, ரிப்பன் கட்டி, நாந்தான் சைக்கிள்ல கொண்டு போயி விடுவேன். கேரியர்ல ஒக்காந்துக்கிட்டு ஊரு பூராக் கேக்குற மாதிரி பாடிக்கிட்டே வரும். அதெல்லாம் ஒரு காலம் அப்பு...

— நூறு கிலோ, மீச, ரெட்ட ஜட, சைக்கிள் கேரியரு.

— நேரமாச்சு அப்பு, நான் கெளம்புறேன்.

— அண்ணே, பின்னாடி வெங்காயம் பொறுக்குற தங்கச்சி எதுக்குத் துப்பட்டாவ வாயில அமுக்கிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குது?

— ஏத்தா, சிரிக்காத! உனக்காகத்தான இம்புட்டுக் கஷ்டப்படுறேன். காரியத்தக் கெடுத்துட்டியே.

— அப்ப... இந்தத் தங்கச்சியா?

— எம்மகதான். தமிழ்மதி. வெளிய சொல்லிராத அப்பு. தன் கொரலுனு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுனு என்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கு. 'பெட்டிக்குள்ள இருந்துதான் வரும், யாருக்கும் ஒம் மூஞ்சி தெரியாது'னு கெஞ்சிக் கெஞ்சி ஒரு தடவ பதிய வச்சேன்.

— தங்கச்சி, மூணே பாட்டு. மொகத்தக் காட்ட வேணாம். என் ட்ரம்ஸுக்குப் பின்னாடி தரையில ஒக்காந்துகூடப் பாடு. என்னம்மா சொல்ற?

— அதுகிட்டக் கேக்காத. கேட்டா வெங்காயத்தத்தான் பாக்கும்.

— ஆமாண்ணே, வெங்காயத்தத்தான் பாக்குது. தங்கச்சி, மூணு பாட்டும் வேணாம். அந்த எட்டு செகண்ட் போதும். அதச் சுத்தித்தான் பாட்டே போட்டு வச்சிருக்கோம். பிராங்க்ளின் கிடார்ல முன்னாடி ஒண்ணு குடுப்பான், எட்டு செகண்ட் முடியவும் நான் 'டொம்'முனு எறங்குவேன்.

— அந்தக் கத்தலா? அது மட்டும் நடக்காது அப்பு.

— ஏன்?

— அது பாட்டே இல்ல. அது அஞ்சு கிலோ கல்லு.

— கல்லா?

— தராசுக் கல்லு. போன ஆடியில நடந்தது. ரோட்டுச் சத்தம் விழுகாதுனு மோட்டார் ரூம்லதான் பதிஞ்சோம். மோட்டார அமத்திட்டு, செல்போன அது கையில குடுத்துட்டு, நான் கதவுக்கு வெளிய நிக்கிறேன். 'அள்ளிக்கிட்டுப் போங்க' வரைக்கும் ஒழுங்காத்தான் போச்சு. திடீர்னு இந்தக் கத்தல். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கதவத் தள்ளிப் பாத்தா, மேல இருந்த கல்லு கீழ கெடக்கு. எம்மக கால் பெருவெரலப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு.

— அச்சச்சோ.

— தூக்கிப் போட்டுக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனேன். அந்த டாக்டரு அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, 'ஒரு வீக்கமும் இல்லையே'ங்கிறாரு. 'அது கத்துன கத்த நீங்க கேக்கல சார்'னு மல்லுக்கட்டி ஒரு ஊசி போட வச்சேன்.

— தங்கச்சி போட்டுக்கிச்சா?

— மூச்சுக் காட்டாமப் போட்டுக்கிச்சு. எட்டு நாளு நொண்டுச்சு அப்பு. ஒரு நாளு வலது கால நொண்டும், ஒரு நாளு இடது கால நொண்டும். அம்புட்டு வலி. எனக்கு வந்த கோவத்துல அந்தக் கல்லத் தூக்கிக் கெணத்துல வீசிட்டேன். இந்தா, இந்தக் கரண்டுத் தராசு அதுக்குப் பெறகு வாங்குனதுதான்.

— அப்பக் கத்தல அழிச்சிருக்கலாமே?

— நைனா முகமது செல்போன் கடையில குடுத்து வெட்டச் சொன்னேன். 'ஒரு நாளு ஓட்டிப் பாரும் ஓய்'னாரு. ஓட்டுனேன். யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சுனு வீட்டுக்கு வீடு ஓடியாந்தாங்க. ஓடியாந்தவங்க வெறுங்கையோட திரும்பக் கூச்சப்பட்டு அரக் கிலோ, ஒரு கிலோ. பதினோரு மணிக்கெல்லாம் வண்டி காலி. இப்ப எல்லாருக்கும் பழகிப் போச்சு, கத்துனா வெங்காயம்னு கூடையத் தூக்கிக்கிட்டு வாராங்க. எனக்குத்தான் பழகல. மக வலிய வித்துத் திங்கிறோமேனு இருக்கு. அந்த எடம் வந்தா நான் ஸ்டீரிங்க விட்டுட்டுக் காதப் பொத்திக்குவேன்.

— ஸ்டீரிங்க விட்டுட்டா? அதான் நாகல் நகர்ல என்னைய இடிக்கப் பாத்தீங்களா?

— அது நீதானா? மன்னிச்சுக்க அப்பு.

— போகட்டும்ணே. அப்ப அது தானா வந்தது இல்ல. வலியில வந்தது.

— ஆமா. ஞாயித்துக்கெழம மேடையில நிப்பாட்டி எம்மக கால்ல கல்லத் தூக்கிப் போடுவியா?

— சேச்சே! சின்னக் கல்லா ஒரு ஒரு கிலோ... இல்லண்ணே, இல்லண்ணே, மொறைக்காதீங்க. சும்மா வாயில வந்துருச்சு. விடுங்க. போட்டியில இருந்து பேர எடுத்துர்றோம். ஒரு கிலோ போடுங்க, எங்கம்மாவாச்சும் சந்தோசப்படட்டும்.

— கோவிச்சுக்காத. எனக்கு மட்டும் ஆச இல்லையா? டிராக்டருனு சொன்னதுக அம்புட்டும் கீழ ஒக்காந்திருக்க, எம்மக மேடையில நின்னு மைக்கப் பிடிக்கணும்னு நெனச்சு நெனச்சு எத்தன நாளு வெங்காயத்தத் தப்பா எட போட்டிருக்கேன். ஆனா அது இன்னொருக்கா நோகுறத நான் பாக்க மாட்டேன். ஏத்தா மதி, தம்பிக்கு நல்லதாப் பாத்து ஒரு கிலோ அள்ளு. ஏத்தா? எதுக்கு எந்திரிச்சு நிக்கிற? ஸ்பீக்கர ஏன் அமத்துற?

— அப்பா, கல்லு என் கால்ல விழுகவே இல்ல. ஆசயா இருந்துச்சுனு கத்திட்டேன், நீ ஓடியாந்து ஏன் கத்துனனு கேப்பியோனு பயந்து அதுக்குப் பெறகுதான் கல்ல உருட்டி விட்டேன்... ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரணும்னு அந்த அண்ணனக் கேளு.