சமமான மாற்று

உங்கள் விசாரணை அறையில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது. நல்லது. கடகடவென்று ஆடும் விசிறிக்குக் கீழே எனக்குக் கோவையாகப் பேச வராது.

இருபத்திரண்டு வருடமாக அந்தத் தொழிற்சாலையில் தரச்சான்றுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவி செய்கிறோம். உலோக உடம்பு, மூக்குக்கு ஒரு குழாய், தண்ணீர் ஊற்ற ஒரு சின்னக் குடுவை. அடாப்டரை மட்டும் வெளியே வாங்குகிறோம். போன வருடம் பழைய அடாப்டர் வருவது நின்றுபோயிற்று. கொள்முதல் பிரிவு வேறொன்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே முனை. பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்.

விதிப்படி, அடாப்டர் மாறினால் கருவி முழுவதையும் மறுபடி சோதனைக்கு அனுப்பிப் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பதினோரு வாரம் ஆகும். 'சமமான மாற்று' என்று நாங்களே எழுதிக்கொள்ள ஒரு படிவமும் உண்டு. அதற்கு இரண்டு கையெழுத்து போதும். ஒன்று என்னுடையது, இன்னொன்று சோதனை அறைப் பொறுப்பாளருடையது.

அவளை எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். டீயின் சூட்டைக்கூட அளந்து பார்த்துத்தான் வாயில் வைப்பாள் என்று கேலி. ஐந்து புது அடாப்டர்களை ஈரப்பதப் பெட்டியில் இரண்டு நாள் வைத்து எடுத்தாள். மூன்று தாங்கின. மற்ற இரண்டில், சுவரிலிருந்து வரும் மின்சாரம் நேராகக் கருவியின் உடம்புக்கே வந்தது. அவற்றில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

"சார், இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள், கூட்டத்தில், எல்லோர் முன்னாலும்.

"ரெண்டு நாள் ஊறவச்சா எதுதாம்மா கெடாது? வீட்ல யாரு அப்படி வைக்கப்போறா?"

"எங்கப்பா வைப்பாரு சார். குடுவைல தண்ணி ஊத்திட்டு, ஈரக்கையோடதான் மிஷினத் தொடுவாரு."

யாரோ சிரித்தார்கள். அவளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. நான் கோபப்படவில்லை. கோபம் வந்தால் என் கையெழுத்து கோணிவிடும்.

அவள் அப்பாவிடம் இருந்தது எங்கள் கருவிதான். ஊழியர் சலுகையில் வாங்கியது, விலாசம் பதிவேட்டில் இருந்தது. ஒரு புதன்கிழமை, அவள் வேலையில் இருந்த நேரமாகப் பார்த்து, பழுது பார்ப்பவரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தேன். பழசுக்குப் பதில் கம்பெனி புதுசு தருகிறது என்று சொல்லி மாட்டிவிட்டு வரச் சொன்னேன். உள்ளே இருந்தது, தாங்கிய மூன்றில் ஒன்றல்ல. அதன் சிவப்பு ஸ்டிக்கரை வெந்நீரில் நனைத்துப் பிசின் தடம் தெரியாமல் உரித்திருந்தேன்.

என் கணக்கு எளிமையானது. ஒன்றும் நடக்காவிட்டால், வீண் பயம் என்று அவளுக்குப் புரியும். நடந்தால், அவள் சொன்னதுதான் சரி என்றாகும். எப்படியும் அவளுக்கு ஒரு தெளிவு கிடைக்கும்.

பத்தொன்பதாம் நாள் காலையில் நடந்தது. ஏற்கெனவே மூச்சு நோயாளி என்பதால், மருத்துவர் இதயம் நின்றதாக எழுதிக்கொடுத்தார். நான் துக்கம் விசாரிக்கப் போனேன். எல்லோரும் முன்னறையில் இருந்தபோது அடாப்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து என் அறைக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"சார், புது அடாப்டர் மாட்டிட்டுப் போனாங்கன்னு அம்மா சொல்றாங்க. சோதனை அறையில ஒண்ணு குறையுது."

"அந்த அஞ்சும் உன் பொறுப்புலதாம்மா இருந்துச்சு. விசாரணைன்னு வந்தா, அது உன் வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு உன்னத்தான் முதல்ல கேப்பாங்க. அம்மாகிட்ட என்ன பதில் சொல்லுவ?"

படிவத்தை எடுத்து வைத்தேன். பேனா மூடியையும் நானே திறந்துகொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள்.

நாலாயிரம் கருவிகள் அந்த அடாப்டரோடு போயின. மூன்று மரணங்களைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கோப்பில் இல்லாத முதலாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் எந்த வீட்டில் நடக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இது வீடு தெரிந்தே அனுப்பியது.

அவளைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். அவளுக்கு என்மேல் வருத்தம் எதுவும் இல்லை. இன்றைக்கும் நான் சோதனை அறைக்குள் நுழைந்தால், கைவேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து சுவரோரம் போய் நிற்பாள். நான் வெளியே போகும்வரை உட்காரமாட்டாள். அப்படி ஒரு மரியாதை.