குளவி செய்கிற வேலை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. இன்னொருவர் கையால் கலந்த டீயைக் குடித்து எனக்கு ஒரு யுகம் ஆகிறது.

நான் விமான மெக்கானிக். ஓய்வு பெற்றவன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்களுடையது சின்ன விமானங்கள் வந்து போகும் சின்ன நிலையம். என் காது எப்படிப்பட்டது தெரியுமா? எஞ்சினுக்குள் ஒரு திருகாணி தும்மினால் கேன்டீனில் இருந்தபடியே "நூறாயுசு" என்பேன். நம்பாவிட்டால் என் மகளைக் கேளுங்கள். அவள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிறானால் கூப்பிட்டு, "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்பாள். "போட்டேம்மா" என்பேன். பேச்சு முடிந்தது. மனைவி போன பிறகு என் வீட்டில் வாய் திறப்பது குக்கர் மட்டும்தான்.

ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள் நிலையத்திலிருந்து போன். விமானம் ஓடுபாதையில் ஓடியும் வேகமானியின் முள் அசையவில்லையாம். விமானி நிறுத்திவிட்டான், அதுதான் முறை. நான் போனபோது கருவியைக் கழற்றிக் கல்யாணச் சீர்வரிசை மாதிரி பரப்பி வைத்திருந்தார்கள். நான் அதன் பக்கமே போகவில்லை. இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும்; அதில் காற்று புகுந்தால்தான் முள் நகரும். டார்ச் அடித்தேன். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது.

அன்று எனக்கு நடந்த உபசாரம் தலைதீபாவளி மாப்பிள்ளைக்குக்கூட நடந்திருக்காது. குளவி அண்ணன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். விமானி என்னைக் கட்டிக்கொண்டான். முடியைப் பார்த்து எல்லோரும் அவனைச் சுருட்டை என்போம். "மாமா, ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றான். எந்த நாள் என்று சொல்லவில்லை. நான் தினமும் தயாராகத்தான் இருந்தேன்.

போகிற போக்கில் நான் ஒரு புத்திமதி சொன்னேன்: "நிறுத்தி வைக்கும்போது குழாய்க்கு உறை போடுங்கப்பா." சொந்தச் செலவில் சூனியம். மறுநாளிலிருந்து எல்லா விமானத்துக்கும் சிவப்பு ரிப்பன் தொங்கும் உறை. குளவி வரவில்லை. போனும் வரவில்லை.

ஒரு குளவி செய்கிற வேலையைத்தான் நான் செய்தேன், ஐயா. என் தொட்டிச் செடியின் மண். வாசல் காவலாளி என்னை நிறுத்தமாட்டான். உறையை எடுத்து, குழாயை மண்ணால் அடைத்து, மறுபடி உறையை மாட்டிவிடுவேன். புறப்படும் முன் மெக்கானிக் உறையை உருவி ரிப்பனை ஆட்டிக் காட்டுவான். விமானி கட்டைவிரலை உயர்த்துவான். ரிப்பன் ஆடினால் போதும், குழாய்க்குள் எட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

முள் அசையவில்லை. விமானம் நின்றது. போன் அடித்தது. போய் டார்ச் அடித்து மண்ணைக் காட்டினேன்.

"உறைக்குள்ள எப்படிண்ணே போச்சு?"

"குளவிக்கு ஏதுடா பூட்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இன்னொரு தடவையும் அப்படியே. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசித் தடவை மழைக்காலம். மண் சரியாகக் காயவில்லை. ஓடும்போது இடுக்கு வழியே காற்று போயிருக்கிறது, முள் எழுந்திருக்கிறது. மேலே போனதும் மண் நகர்ந்து இறுக அடைத்துக்கொண்டது. அப்படி அடைத்தால் முள் பொய் சொல்லும். விமானம் ஏற ஏற வேகம் கூடுவதாகக் காட்டும். விமானி வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்குவான். நிஜ வேகம் செத்துப்போகும். பிறகு இறக்கை தாங்காது. மேகத்துக்குள் சுருட்டைக்கு அந்த முள்ளைத் தவிர நம்ப வேறென்ன இருந்தது? அவன் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னீர்கள். எனக்கு அந்தக் கணக்கு மனதில் நிற்கவில்லை.

அன்று நான் சவரம் செய்து, ஷூ மாட்டி, டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் புகை தெரிந்தது. போன் அடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அதுதான் எனக்கு மனத்தாங்கல். அவ்வளவு பெரிய கோளாறு, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு நானே நடந்து உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஆமாம், நான்தான் அடைத்தேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் போன் உங்களிடம்தானே இருக்கிறது? சார்ஜ் மட்டும் போட்டு வையுங்கள், ஐயா. அந்தக் குழாயைத் திறந்து பார்த்ததும் அவர்களுக்குக் குளவி அண்ணன் ஞாபகம் வந்துவிடும். கூப்பிடுவார்கள்.