வெயிலில் வைத்த மருந்து

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை நான்தான் துடைப்பேன், ஐயா. வேறு யார் துடைத்தாலும் மூலையில் அழுக்கு நிற்கும். நடுத்தட்டு முழுக்க என் தம்பியின் மருந்து. சின்னக் குப்பிகளில் வெள்ளைப் பொடி. அடிபட்டால் அவனுக்கு ரத்தம் தானாக உறையாது. உறைய வைக்கும் சத்து அந்தப் பொடியில் இருந்தது. கரைத்துத் தானே ஊசி போட்டுக்கொள்வான். அப்பா, அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விஷயத்தை நாங்கள் வெளியே விட்டதில்லை. அவனுக்கு முழங்கால் வீங்கினால் வாதம் என்று சொல்லிவிடுவேன்.

என் மகளுக்கு நல்ல இடம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்கள். அப்போதுதான் தம்பி ஆரம்பித்தான்.

"அக்கா, அவங்ககிட்ட மறைக்கக் கூடாது. இது பொம்பளைங்க வழியா இறங்குற நோய். பாப்பாவுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம். நீ சொல்லலைன்னா நானே சொல்லிடுவேன்."

"என் பொண்ணைச் சீக்குக்காரின்னு தண்டோரா போடப் போறியா?"

"ஒரு டியூப் ரத்தம் எடுத்தா உன் கௌரவம் ஒண்ணும் வடிஞ்சிடாதுக்கா."

சிரித்தான். என்னிடம் அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

சூடு பட்டால் மருந்து செத்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே. அவன் அலுவலகம் போனதும் குப்பிகளை மாடித் தகரத்தின் மேல் பரப்பிவைப்பேன். திரும்பி வருவதற்குள் துடைத்து, இருந்த வரிசையிலேயே அடுக்கிவிடுவேன். பொடியின் நிறம்கூட மாறவில்லை.

ஞாயிறு காலை நாற்காலிகளை எடுத்துப் போட்டவன், நிமிரும்போது அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டான். கதவைத் திறந்து விட்டிருந்தது நான்தான். ஊசி போட்டுக்கொண்டு, "பயப்படாதக்கா, மருந்து உள்ள போயிடுச்சு" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். பிறகு இன்னொன்று போட்டான். வாந்தி எடுத்தான்.

"ரெண்டு போட்டும் கேக்கலக்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அவங்க வந்துட்டுப் போகட்டும். படுத்துக்கோ."

அறையை வெளியே தாழிட்டேன். வந்தவர்கள் தம்பியைக் கேட்டார்கள். வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறான் என்றேன். நிதானமாகத் தேநீர் குடித்தார்கள். சம்பந்தம் முடிவாயிற்று. அவர்களை வழியனுப்பிவிட்டுத் திறந்தபோது, அவன் கட்டிலிலிருந்து கதவு வரை வந்திருந்தான்.

ஆமாம், நான்தான் கொன்றேன். காட்டுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் மகளை மட்டும் இதில் இழுக்காதீர்கள். அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான். அவளைப் பெற்றபோது எனக்கும் விரிப்பு மாற்றி மாளவில்லை. எங்கள் பரம்பரையில் பெண்களுக்கு ரத்தம் எப்போதுமே கொஞ்சம் தாராளம்.