சதுப்பைப் பார்த்த ஜன்னல்கள்

கேப்டன் வெதரலுக்குக் காற்று இல்லாவிட்டால் தூக்கம் வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். எனக்குத் தெரியும், அவர் என்னிடம்தான் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டார். அப்போது நான் லெப்டினன்ட். அவர் கேப்டன் ஆன பிறகும் நான் லெப்டினன்ட்தான்.

கப்பல் ஏன் பாறையில் ஏறியது என்று இந்தக் கடற்படை விசாரணை மன்றம் கேட்கிறது. பாய்களைத் திருப்ப ஆள் போதவில்லை. ஏன் போதவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பிரான்சோடு சமாதானம் என்ற செய்தி ஜமைக்காவில் நின்ற எங்கள் கப்பலுக்கு வந்தபோது எல்லோரும் தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். நான் எறியவில்லை. சமாதானம் என்றால் கப்பல் ஊர் திரும்பும், ஆட்களைக் கலைப்பார்கள். என்னைப் போன்ற நரைத்த லெப்டினன்டுக்கு அரைச் சம்பளமும் பிளிமத்தில் ஒரு மாடி அறையும், சாகும்வரை. பிரபு வீட்டு உறவு இல்லாதவன் மேலே ஏற வேண்டுமானால் மேலே இருப்பவர் சாக வேண்டும். அதுவும் ஊர் திரும்புவதற்குள்.

வியாழக்கிழமைகளில் அதிகாரிகள் மேசையில் ஒரு வேண்டுதல் சொல்லிக் குடிப்போம். இரண்டாம் லெப்டினன்ட் பெல்லமிதான் ஆரம்பிப்பான்.

"மூத்தவரே, கோப்பையத் தூக்குங்க. ரத்தம் ஓடற சண்டை வரட்டும், இல்லேன்னா நோய் விழற பருவம் வரட்டும். உங்களுக்காகத்தான் குடிக்கிறோம். நீங்க ஏறினாத்தானே எங்களுக்கு வழி?"

"சண்டைதான் முடிஞ்சு போச்சே" என்றேன்.

"அப்ப மிச்சம் ஒண்ணுதான்" என்று சிரித்தான்.

இங்கே உட்கார்ந்திருக்கும் கேப்டன்களே, நீங்களும் அப்படிக் குடித்து ஏறியவர்கள்தான். நான் புதிதாக எதையும் வேண்டவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் தண்ணீரும் விறகும் ஏற்ற வேண்டும். இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன். நல்ல விரிகுடா, நல்ல ஊற்று. கரையெல்லாம் சதுப்பு. நங்கூரம் போட்டதும் மருத்துவர் டூகிட் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"ராத்திரிக் காத்து அந்தச் சதுப்பு மேலேருந்து நேரா இங்க இறங்கும், மிஸ்டர் கெட்டில்வெல். அந்தக் காத்துலதான் மஞ்சக் காய்ச்சல் வருது. தள்ளி நிறுத்தச் சொல்லி கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை போடுங்க. நான் சொன்னா குடிகாரன் உளர்றான்னுவாரு."

"சொல்றேன்" என்றேன்.

போனேன். கேப்டன் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

"வெந்து செத்துருவேன் போல, கெட்டில்வெல். ஒரு பொட்டுக் காத்து இல்ல."

"அதுக்கு வழி இருக்கு, ஐயா."

நங்கூரத்தில் நிற்கும் கப்பல் முகத்தைத்தான் காற்றுக்குக் காட்டும். கேப்டனின் அறையோ பின்பக்கம். நங்கூரக் கயிற்றோடு இன்னொரு கயிற்றைப் பிணைத்துப் பின்பக்கம் கொண்டுவந்து இழுத்துக் கட்டினால் கப்பல் திரும்பிக்கொள்ளும். சண்டையில் பீரங்கிகளைக் குறிவைக்கச் செய்கிற வேலை அது. நான் பின்ஜன்னல்கள் சதுப்பைப் பார்க்கும்படி கட்டினேன். அவற்றை என் கையாலேயே திறந்தும் வைத்தேன்.

காலையில் அவர் என் தோளைத் தட்டினார். "ரொம்ப நாளைக்கப்புறம் தூங்கினேன். கொசுதான் கொஞ்சம் தொல்லை. ஊருக்குப் போனதும் உங்களுக்காக மேலிடத்துல பேசறேன்."

அவர் இதற்கு முன்பும் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

தண்ணீர் ஏற்றும் வேலையை நான் அவசரப்படுத்தவில்லை. எனக்குப் பயமும் இல்லை. அந்தக் காய்ச்சல் ஒருவனை இரண்டு முறை பிடிப்பதில்லை. என்னைப் பல வருடம் முன்பே பிடித்து விட்டுவிட்டது. கேப்டன் மஞ்சளாகி, கறுப்பாக வாந்தியெடுத்துப் போனார். கடைசிவரை நெற்றியில் ஈரத்துணி போட்டது நான்தான்.

எனக்கு வேண்டியது அவர் ஒருவர் மட்டும். ஆனால் பின்பக்கம் நுழைந்த காற்று நடுவில் எங்கே நிற்கும்? பெல்லமி போனான். மாலுமிகளைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்துக் கடலில் விட்டோம், தைத்தவனும் படுத்துவிட்டான். டூகிட் சாகும் முன், "சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"மறந்துட்டேன்" என்றேன். செத்துக்கொண்டிருப்பவரிடம் வேறென்ன சொல்வது?

பிறகு நான் கப்பலைக் கிளப்பினேன். முழுதாகத் துறைமுகம் சேர்த்துவிட்டால் கடற்படைத் தளபதி என்னைக் கேப்டனாக உறுதி செய்வார். வழியில் புயற்காற்று எங்களைக் கரைப்பக்கம் தள்ளியது. பாய்களைத் திருப்பச் சொன்னேன்.

"யாரு இழுக்கறது?" என்றான் தலைமை மாலுமி கிரிம்ஷா. "கயித்தப் பிடிச்சு நிக்கறவன்ல பாதிப் பேரு அந்தக் கயித்த விட்டா விழுந்துருவான். பொணங்கள வச்சு ஓட்டலாம்னு பாத்தீங்களா, கேப்டன்?"

கேப்டன் என்று என்னை முதலில் அழைத்தவன் அவன்தான். நக்கலாகத்தான் சொன்னான். இருந்தாலும் கேட்க இதமாக இருந்தது.

பாறை அடிவயிற்றைக் கிழித்தது. நோயாளிகள் கீழ்த்தளத்தில் தொங்குபடுக்கைகளில் கிடந்து கூப்பிட்டார்கள். கிரிம்ஷா இறங்கப் பார்த்தான். அவர்களைத் தூக்கிவர நின்றிருந்தால் படகுகளும் போயிருக்கும். தடுத்தேன். இறங்கும் வழியைப் பலகை போட்டு மூட வைத்தேன். சத்தம் குறைந்தது. படகில் ஏறியவர்கள் ஒழுங்காக ஏறினார்கள்.

நான் கப்பலைக் கைவிட்டு முந்திக்கொண்டதாக ஒரு குற்றச்சாட்டும் உங்கள் முன் இருக்கிறது. மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். இதை மட்டும் மறுக்கிறேன். கேப்டன் என்பவன் கடைசியாகத்தான் இறங்க வேண்டும். அந்த முறையை நான் மீறவில்லை. நடக்க முடிந்தவர்களில் கடைசி ஆள் நான்தான்.